கணினி வாசிப்பில் தவணையும் இடைமறிப்பும்

ஜுபிலி மலருக்குக் கட்டுரையொன்று தருமாறு மலர்க்குழுவினர் எம்மைப் பணித்தபோது, பழைய நினைவுகளை எழுதுவதா, எமது தொழில் சார்ந்த பொருளொன்றை எழுதுவதா என்னும் ஐயம் எமக்கு உண்டாயிற்று. நினைவுகளைச் சுவைபட எழுத எம்மினும் வல்லார் பலர் உளர். ஆதலின், கணினிக்கு நிரல் எழுதுந் தொழிலில் யாம் கற்றுக்கொண்ட ஒன்றை, அதுவும் எமது தவறொன்றின் வாயிலாகவே கற்றுக்கொண்ட ஒன்றை, ஈண்டு விளக்க முற்படுகின்றோம். கணினியிற் பழக்கமில்லாத அன்பர்களும் இதனைத் தொடர்ந்து படித்தல் கூடும். மாணவர்க்கு இது நேரே பயன்படும் என்பது எம் நம்பிக்கை.

2013ஆம் ஆண்டில், கமக்காரரிடம் நெல் கொள்வனவு செய்யும் சங்கமொன்று, மூட்டைகளின் நிறையைக் கையால் எழுதும் முறையை விடுத்து, மின்தராசைக் கணினியோடு இணைத்துத் தருமாறு எம்மைக் கேட்டது. தராசிலிருந்து கம்பி வழியாக எண் வரும். கணினி அதனை வாசித்துப் பேரேட்டிற் பதிந்து பற்றுச்சீட்டும் அச்சிட்டுக் கொடுக்கும். அந்நிரலை ‘பாஷ்’ என்னும் மொழியில் யாமே எழுதினோம். நாற்பது வரிகளுக்கு மேற்படாத சிறு நிரல் அது. பிழையின்றி ஓடுகின்றதென்றே யாவரும் எண்ணியிருந்தோம்.

அறுவடைக் காலம் முடியுந் தறுவாயில் முதியவர் ஒருவர் குறிப்பேடொன்றுடன் வந்தார். தம் மூட்டை ஒவ்வொன்றும் தராசில் ஏறியபோது, தராசின் முகத்தில் தெரிந்த எண்ணை அவர் தம் கைப்பட எழுதி வைத்திருந்தார். “தம்பி, தராசு சொல்லுறது ஒண்டு, துண்டு சொல்லுறது இன்னொண்டு. எது சரியெண்டு ஒருக்காப் பாருங்கோ” என்றார். பார்த்தோம். பெரும்பாலான மூட்டைகள் சரியாகவே இருந்தன. ஆயின், தராசு 67.85 கிலோகிராம் எனக் காட்டிய ஒரு மூட்டைக்குப் பற்றுச்சீட்டில் 67 என்றிருந்தது, 66.45 எனக் காட்டியதற்கு 66.4 என்றிருந்தது. இவ்வாறு பிழைத்தவை சிலவே. எனினும், பிழைத்தவை யாவும் குறைவாகவே பிழைத்திருந்தன. கூடுதலாகப் பிழைத்தது ஒன்றேனும் இல்லை. இழப்பு முழுவதும் நெல் கொண்டுவந்தவர் பக்கமே வீழ்ந்திருந்தது.

இஃது எவ்வாறு நேர்ந்தது என்பதை அறிதற்கு, கணினி வாசித்தல் என்பது யாதென முதலில் அறிதல் வேண்டும்.

பாஷ், பேர்ள், பைதன் முதலியவற்றை ஸ்கிரிப்ட் மொழிகள் என்பர். ஒன்றோடொன்று தொடர்பற்ற கருவிகளையும் நிரல்களையும் இணைத்து வேலை வாங்குதற்கு இவை பெரிதும் பயன்படுகின்றன. இம்மொழிகளில் எழுதிய நிரலொன்று வெளியிலிருந்து ஒரு வரியை எதிர்பார்க்கும்போது ‘வாசி’ என்னுங் கட்டளையை இடும். அந்த வரி விசைப்பலகையில் ஒருவர் தட்டுவதாக இருக்கலாம். வலையமைப்பின் வழி வருவதாக இருக்கலாம். எமது தராசைப் போல் ஒரு கருவி அனுப்புவதாகவும் இருக்கலாம். வரி வருமளவும் நிரல் வேறொன்றுஞ் செய்யாது காத்துநிற்கும். வாராதொழியின் என்றென்றுங் காத்துநிற்கும். இதனைத் தவிர்த்தற்பொருட்டே, ‘இத்துணைச் செக்கன்களுக்கு மேற் காத்திராதே’ என்று ஒரு தவணை குறிக்கும் வழக்கம் உண்டாயிற்று.

பரீட்சை மண்டபம் ஒன்றை நினைவு கூர்க. மேற்பார்வையாளர் ஒருவர் ஒரு மாணவனின் விடைத்தாளை எதிர்நோக்கி நிற்கின்றார். அவரது காத்திருப்பு நான்கு வகையாக முடிவுறலாம். மாணவன் எழுதி முடித்துத் தாளைக் கையளிக்கலாம். மாணவன் எழுந்து வெளியே போய்விடலாம். இனி அவனிடமிருந்து தாள் வாராது. நேரம் முடிந்து மணி அடிக்கலாம். அல்லது, காத்துநிற்கும் மேற்பார்வையாளரையே கல்லூரி அதிபர் இடையில் ஒருகணம் அழைக்கலாம். கணினியின் வாசிப்பும் இந்நான்கு வகையாகவே முடிவுறும். முழுவரி வந்து சேர்தல் ஒன்று. அனுப்புநர் பக்கம் மூடப்பட்டு, இனி எதுவும் வாராது என்னும் இறுதி நிலை மற்றொன்று. தவணை கடத்தல் மூன்றாவது. வேறொரு சைகையால் வாசிப்பு இடைமறிக்கப்படுதல் நான்காவது.

இந்நான்கிற்கும் செய்யவேண்டியது வெவ்வேறாகும். கையளித்த தாளை ஏற்றுக்கொள்ளல் வேண்டும். மாணவன் போய்விட்டானெனின் காத்திருத்தலை விடல் வேண்டும். அதிபர் அழைத்தாரெனின், போய் வந்து காத்திருத்தலைத் தொடரல் வேண்டும். ஆயின், மீண்டும் முழுமையாக மூன்று மணி நேரம் கொடுத்தலாகாது, எஞ்சிய நேரமே கொடுத்தல் வேண்டும். மணி அடித்தபோது தாள் பாதி எழுதப்பட்டிருப்பின் அதனைக் கிழித்தெறிதலும் தவறு. முழுத்தாள் எனக் கொள்ளுதலும் தவறு. ‘பாதித்தாள்’ என்று குறித்து வைத்தலே முறை.

எமது நிரல் தவறியது இக்கடைசி இடத்திலேதான். பாஷ் மொழியின் ‘றீட்’ என்னும் வாசிப்புக் கட்டளையோடு ‘ரீ’ என்னும் எழுத்தையும் ஓர் எண்ணையுஞ் சேர்த்தால் அவ்வெண் தவணையாகும். யாம் இரண்டு செக்கன் குறித்திருந்தோம். தராசு, மூட்டையின் ஆட்டம் அடங்கிய பின்னரே எண்ணை அனுப்பும். ஆட்டம் அடங்குதற்கும் பெரும்பாலும் இரண்டு செக்கன் அளவே ஆயிற்று. கம்பியின் வேகம் செக்கனுக்கு 1200 பிற்று. எழுத்தொன்றுக்குப் பத்துப் பிற்று வீதம், செக்கனுக்கு 120 எழுத்துக்கள். ஏழெட்டு எழுத்துக்கள் கொண்ட ஒரு வரி வந்து சேர ஒரு செக்கனில் ஏறத்தாழப் பதினைந்தில் ஒரு பங்கு செல்லும். அச்சிறு இடைவெளியினுள்ளே தவணை முடிந்துவிட்டால், ‘67’ வந்திருக்கும். புள்ளியும் அதன் பின்னுள்ளவையும் வந்திரா.

அவ்வேளையில் பாஷ் யாது செய்யும்? வந்த பாதியை மாறியில் இட்டுவைக்கும். அதனோடு, தவணை கடந்தது என்பதை ஓர் எண்ணால் அறிவிக்கும். கட்டளை ஒவ்வொன்றும் முடியும்போது ஒரு முடிவெண்ணை விட்டுச் செல்லுதல் இம்மொழியின் மரபு. முழுவரி வந்ததெனின் முடிவெண் 0. இறுதி நிலையெனின் 1. தவணை கடந்ததெனின் 128இற்கு மேற்பட்ட ஓர் எண். பெரும்பாலும் அது 142 ஆக இருக்கும். அலாரச் சைகையின் எண் 14 ஆதலின், அதனை 128உடன் கூட்ட 142 வரும். யாமோ முடிவெண்ணைப் பார்க்கவில்லை. மாறியில் ஏதேனும் உளதோ என்று மட்டுமே பார்த்தோம். இருந்தது, ஏற்றுக்கொண்டோம்.

பிழை வெளிப்படாதிருக்க எமது வேறிரண்டு ‘முன்னெச்சரிக்கை’களே துணைபோயின. 10 கிலோகிராமுக்குக் குறைந்த எண் வந்தால் அதனைத் தள்ளி மீண்டும் நிறுக்குமாறு பணித்திருந்தோம். ஆதலின், ‘6’ என்ற அளவில் அறுந்த எண் தள்ளுண்டது. எவரும் கண்டவுடன் வியந்து கேட்டிருக்கக்கூடிய பெரும்பிழைகள் அவ்வாறு மறைந்தன. சிறுபிழைகள் மட்டுமே பேரேட்டை அடைந்தன. அன்றியும், ஒவ்வொரு மூட்டைக்கும் முன்னர், வழியிற் கிடக்கும் பழைய எழுத்துக்களை அகற்றுமாறு ஒரு கட்டளை இட்டிருந்தோம். தாமதித்து வந்த ‘.85’ அக்கட்டளையால் அள்ளி எறியப்பட்டது. பிழைக்குச் சான்றாக நின்றிருக்கக்கூடியதை யாமே துப்புரவு செய்துவிட்டோம். தசம எண்ணின் வால் அறுந்தால் எண் குறையுமேயன்றிக் கூடாது. இழப்பு ஒருபக்கமே வீழ்ந்ததற்குக் காரணம் அதுவே.

பாதிவரியைப் பாஷ் மாறியில் இடுதல் தொடக்கத்திலிருந்தே உள்ள வழக்கம் அன்று. பிறையன் பொக்ஸ் என்பார் இம்மொழியின் முதல் வெளியீட்டை 1989இல் வெளியிட்டார். 2009இல் வந்த 4.0ஆம் பதிப்புக்கு முற்பட்டவை, தவணை கடந்தபோது வந்திருந்த எழுத்துக்களைக் கைவிட்டன. 4.0ஆம் பதிப்பே அவற்றைப் பேணத் தொடங்கியது. 128இற்கு மேற்பட்ட முடிவெண்ணும், செக்கனின் பின்னத்தைத் தவணையாகக் குறிக்கும் வசதியும் அப்பதிப்பிலேயே வந்தன. பேணுதலே சிறந்தது என்பதில் ஐயமில்லை. ஆயின், பேணியதை ஏற்பவன் அது முழுமையோ பாதியோ என்று கேட்கக் கடமைப்பட்டவன். 

இனி, இடைமறிப்பு என்னும் நான்காம் நிலையை நோக்குவாம். இதன் வரலாறு சுவையுடைத்து. யுனிக்ஸ் என்னும் இயங்குதளம் 1969இல் அமெரிக்காவின் நியூ ஜேர்சியிலுள்ள பெல் ஆய்வுகூடத்திற் கென் தொம்சன், டெனிஸ் றிச்சி ஆகியோரால் தொடங்கப்பெற்றது. நிரலொன்று வாசிப்பிற் காத்துக்கிடக்கையில் அதற்கொரு சைகை வந்தால் யாது செய்வது என்னும் வினா அதனை அமைத்தோர் முன் நின்றது. வாசிப்பைக் கைவிட்டு, ‘இடைமறிக்கப்பட்டது’ என்னும் பிழைக்குறியைத் திருப்பித் தருதலே அவர்கள் கண்ட வழி. மீண்டும் வாசிப்பதா, விடுப்பதா என்பதை நிரல் எழுதுவோனே தீர்மானித்துக்கொள்ளல் வேண்டும்.

றிச்சட் கேபிரியல் என்பார் 1991இல் வெளிவந்த தமது புகழ்பெற்ற கட்டுரையொன்றில் இதுபற்றி ஓர் உரையாடலை எடுத்துரைக்கின்றார். மாசாச்சூசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்தைச் சேர்ந்த அறிஞர் ஒருவர், பேர்க்லியிலிருந்து யுனிக்சில் உழைத்த மற்றொருவரிடம் இவ்வினாவை எழுப்பினாராம். இடைமறிப்பு நேரின், நிரல் அறியாவண்ணம் இயங்குதளமே பழைய நிலைக்கு மீண்டு பணியைத் தொடர்தல் வேண்டும் என்பது முன்னவர் கருத்து. பின்னவரோ, பிழைக்குறியைப் பார்த்து மீண்டும் முயல்வது நிரலின் பொறுப்பு என்றார். முன்னவருக்கு அது மனநிறைவு தரவில்லை. இயங்குதளத்தின் எளிமைக்காக நிரல் எழுதுவோர் அனைவர் தலையிலும் சுமை ஏற்றப்பட்டதென்று அவர் கருதினார்.

1983இல் பேர்க்லியிலிருந்து வெளிவந்த 4.2 பீ.எஸ்.டீ என்னும் யுனிக்ஸ் வகை, இடைமறிக்கப்பட்ட வாசிப்பைத் தானாகவே மீண்டுந் தொடங்கும் முறையைக் கைக்கொண்டது. சுமை நீங்கியது, ஆயின், வேறொரு தொல்லை முளைத்தது. தவணை குறிக்கும் பழைய வழி அலாரச் சைகையையே சார்ந்திருந்தது. பத்துச் செக்கனுக்குப் பின் அலாரம் அடிக்கும், அச்சைகை வாசிப்பைக் குலைக்கும், நிரல் விடுபடும். வாசிப்புத் தானாகவே மீண்டுந் தொடங்குமெனின், அலாரம் அடித்தும் நிரல் விடுபடாது. இடைமறிப்புக்கு மருந்தானது தவணைக்கு நஞ்சாயிற்று. இவ்விரண்டில் வேண்டியதைத் தேர்ந்துகொள்ளும் வாய்ப்பு நிரல் எழுதுவோர்க்குப் பின்னரே கிட்டியது. 

ஸ்கிரிப்ட் மொழிகள் இச்சிக்கலைத் தத்தம் வழியில் தீர்த்தன. லாரி வோல் 1987இல் வெளியிட்ட பேர்ள் மொழியில், சைகை வந்தவுடன் அதற்குரிய செயலை நடுவழியிலேயே ஓட்டும் வழக்கம் முன்னர் இருந்தது. அதனால் நினைவகம் குழம்பி நிரல் வீழ்வதுமுண்டு. 2002இல் வந்த 5.8ஆம் பதிப்பு, தகுந்த இடம் வருமளவும் சைகையைத் தாமதித்து ஏற்கும் முறையைக் கொணர்ந்தது. அப்பதிப்பின் வழக்கமான வரி வாசிப்பு, சைகைக்குரிய செயல் அமைதியாக முடிந்து திரும்பின் மீண்டும் காத்திருக்கத் தொடங்கிவிடும். ஆதலின், தவணையில் விடுபட விரும்புவோன், அலாரச் செயலினுள்ளே ‘இறந்துபோ’ என்னுங் கட்டளையை இட்டு, அதனைச் சுற்றி ஒரு காப்பு வட்டம் அமைத்து, அங்கே அதனைப் பிடித்துக்கொள்ளல் வேண்டும். வாசிப்பு முடிந்ததும் அலாரத்தை நிறுத்தவும் மறத்தலாகாது. மறந்தால், தொடர்பற்ற வேறொரு பணியின் நடுவே அது அடிக்கும்.

பைதன் மொழியில் 2015இல் வெளிவந்த 3.5ஆம் பதிப்பே இதனைத் திருத்தியது. நத்தாலி, ஸ்ரின்னர் என்னும் இருவர் முன்மொழிந்த 475ஆம் இலக்க யோசனையின்படி, இடைமறிக்கப்பட்ட வாசிப்பை மொழியே மீண்டும் முயலும். சைகைக்குரிய செயல் விதிவிலக்கொன்றை எழுப்பினால் மட்டுமே விடுபடும். அன்றியும், தவணையோடு காத்திருக்கும் பணிகள் மீண்டுந் தொடங்கும்போது, முழுத்தவணையையும் புதிதாகக் கொடுக்காது எஞ்சியதைக் கணக்கிட்டே கொடுக்கும். அக்கணக்குக்குச் சுவர்க்கடிகாரம் போன்ற நேரத்தைக் கொள்வதில்லை. அதனை எவரும் திருப்பி வைத்தல் கூடும். பின்னோக்கிச் செல்லாத உட்கடிகாரமொன்றையே கொள்ளும். நாம் முன்னர்க் கண்ட மேற்பார்வையாளர் செய்யவேண்டியதும் இதுவே.

மாணவர்கள் ஈண்டு மற்றொரு கண்ணியையும் அறிதல் நன்று. ‘ஏதேனும் வந்துள்ளதா?’ என்று இயங்குதளத்தைத் தவணையோடு வினவும் கட்டளை ஒன்றுண்டு. ‘செலெக்ற்’ என்பது அதன் பெயர். அது ‘வந்துள்ளது’ என்று விடை தந்தால், முழுவரி வந்துள்ளதென்பது பொருளன்று. ஓரெழுத்து வந்திருந்தாலும் அவ்விடையே கிடைக்கும். அதனை நம்பி முழுவரியை வாசிக்கப் புகுந்தால், மீண்டும் தவணையின்றிக் காத்துக்கிடக்க நேரும். இதற்கு மாறாக, மொழியானது ஒரேமுறையிற் பல வரிகளை அள்ளித் தன் இடைத்தாங்கியில் வைத்திருக்கையில், இயங்குதளம் ‘ஒன்றும் இல்லை’ என்று கூறுவதும் உண்டு. ஆதலின், செலெக்ற்றோடு இடைத்தாங்கி வாசிப்பைக் கலத்தல் ஆகாது. எழுத்துக்களை நேரே வாங்கி, வரிமுடிவை நாமே தேடிக்கொள்ளுதல் வேண்டும். பாஷ் மொழியின் றீட் கட்டளை, கம்பி போன்ற வழிகளில் ஒவ்வோர் எழுத்தாகவே வாங்கும். வேகங் குறைவாயினும், அடுத்த வரிக்குரிய எழுத்தை அஃது ஒளித்து வைத்துக்கொள்வதில்லை.

முடிவெண்ணைப் பொறுத்தும் இரு நுட்பங்கள் உள. கோப்பொன்றின் கடைசி வரியில் வரிமுடிவுக்குறி இல்லாவிடின், றீட் அவ்வரியை மாறியில் இட்டும் முடிவெண்ணை 1 என்றே தரும். முடிவெண்ணை மட்டும் பார்ப்போர் அவ்வரியை இழப்பர். மாறியை மட்டும் பார்ப்போர் எம்மைப் போல் ஏமாறுவர். இரண்டையும் பார்த்தலே நெறி. சாதாரணக் கோப்புகளுக்குத் தவணை பயன்படாது என்பதும் அறியத்தக்கது. கோப்பு எவரையுங் காக்கவைப்பதில்லை.

இவையனைத்தின் பின்னும் நிற்கும் உண்மை ஒன்றே: மௌனம் என்பது விடையன்று. ‘இக்கோப்புகளை அழிக்கலாமா?’ என்று நிரல் கேட்டு, பத்துச் செக்கன் விடையின்றிக் கழிந்தால், அதனைச் சம்மதமாகக் கொள்ளலாமா? உலக வழக்கில் மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி என்பர். கணினி வழக்கில் அக்கொள்கை ஆகாது. கேட்டவர் தேநீர் அருந்தப் போயிருக்கலாம், கம்பி கழன்றிருக்கலாம். தவணை கடந்தபின் தானாக நடைபெறுவது எவருக்குந் தீங்கு விளைக்காததாக இருத்தல் வேண்டும். கணினியை இயக்கியதும் தோன்றும் தெரிவுப் பட்டியல், சில செக்கன் காத்திருந்து வழக்கமான இயங்குதளத்தைத் தொடக்குகின்றது. அது தகும். பாஷ் மொழியில் தவணைக்கென ஒதுக்கப்பட்ட மாறியொன்றில் ஓர் எண்ணை இட்டால், அத்துணைச் செக்கன் எதுவும் தட்டப்படாதபோது அம்முனையம் மூடிக்கொள்ளும். அதுவும் தகும். அழித்தலும் பணம் கொடுத்தலும் நிறையைப் பதிதலும் அத்தகையன அல்ல.

எமது தராசு நிரலை யாம் திருத்திய விதமும் இதுவே. முடிவெண் 0 ஆனாலன்றி எவ்வெண்ணையும் பேரேட்டில் எழுதுதல் கூடாதென விதித்தோம். தவணை கடந்து பாதி வந்திருப்பின் அதனை ஒருபுறம் வைத்து, அடுத்த வாசிப்பில் வருவதை அதனோடு ஒட்டி, வரிமுடிவு வந்த பின்னரே எண்ணாகக் கொண்டோம். மொத்தமாக இருபது செக்கன் ஒரு பெருந்தவணை வைத்தோம். அதுவுங் கடந்தால், ‘நிறை கிடைக்கவில்லை, மீண்டும் நிறுக்க’ என்று திரையிற் காட்டுமேயன்றி எதனையும் எழுதாது. தள்ளப்பட்ட எழுத்துக்களையும் நேரத்தோடு ஒரு கோப்பிற் குறித்து வைத்தோம். இத்தனைக்கும் மேலதிகமாக வேண்டியிருந்தவை பதினொரு வரிகளே.

அம்முதியவரின் குறிப்பேட்டைக் கொண்டு சங்கத்தார் வேறுபாட்டைக் கணித்து அவருக்குரிய தொகையைக் கொடுத்தனர். அவரைப்போற் குறிப்பு வைத்திருந்த வேறு சிலருக்கும் கொடுத்தனர். குறிப்பு வைத்திராதோர் இழந்தது எவ்வளவென்று எவராலும் கூற இயலவில்லை. எமது நிரல் அதற்குரிய சான்றை நாள்தோறும் அள்ளி எறிந்திருந்தது. அதனை இன்றும் எமது கடனாகவே எண்ணுகின்றோம். நிரல் எழுதப் புகும் இளைய தலைமுறையினர், முழுச்சொல்லும் வந்து சேருமுன் தீர்ப்பெழுதாதிருக்கப் பழகுவாராயின், அக்கடனில் ஒரு சிறு பகுதியேனும் தீர்ந்ததாகக் கொள்வோம்.